புகைபோக்கி அடுப்பு: வீட்டில் அமைக்கும் முறையும் காக்கும் முறையும்

கிராமத்து வீடுகளில் அடுப்புப் புகையானது சமையலோடு பிறந்தது என்றும், அதைப் பொறுத்துக்கொள்வதே வழி என்றும் நெடுங்காலமாக எண்ணப்பட்டு வந்திருக்கிறது. இவ்வெண்ணம் சரியன்று. விறகு எரியும் இடத்தில் புகை உண்டாவது இயல்பே. ஆனால் அப்புகை சமைப்பவரின் கண்ணிலும் மார்பிலும் புகுவது அடுப்பின் அமைப்பில் உள்ள குறையினால் நேர்வதாகும். அக்குறையைச் செம்மண், மணல், வைக்கோல், நான்கு குழாய்த் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் நீக்கிவிடலாம். சேலம், நாமக்கல் சமவெளிகளிலுள்ள கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் தத்தம் வீடுகளில் இவ்வித அடுப்பை அமைத்துக்கொள்வதற்கும், அமைத்தபின் அதைப் பழுதின்றிக் காப்பதற்கும் வேண்டிய விவரங்கள் கீழே தரப்படுகின்றன.

எரிவாயு அடுப்பு வந்த பின்னும் விறகடுப்பைப் பற்றி எழுதுவது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 2016-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தினாலும், அதற்கு முன்னரே தமிழ்நாட்டு அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்புகளாலும், எளிய குடும்பங்கள் பலவற்றிலும் எரிவாயு புகுந்திருப்பது உண்மையே. சுகாதாரத்தைக் கருதினால் எரிவாயுவே மேலானது என்பதிலும் ஐயமில்லை. எனினும் உருளையின் விலைக்கு அஞ்சியும், பழக்கம் விடாமலும், வெந்நீர் போடுவதற்கும், நெல் அவிப்பதற்கும், மாட்டுக்குத் தீனி வேகவைப்பதற்கும், களி கிண்டுவதற்கும் விறகடுப்பு இன்றும் அநேக வீடுகளில் எரிந்துகொண்டிருக்கிறது. எரியும் வரையில் அது தீங்கு குறைந்ததாக எரிய வேண்டும்.

புகையினால் விளையும் தீங்கு

வீட்டுக்குள் எரியும் விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் மரணங்கள் நேர்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குழந்தைகளின் நிமோனியா ஜுரம், பெரியோரின் நாட்பட்ட மூச்சிரைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்று ஆகியவை இப்புகையோடு தொடர்புடையவை. கண்ணில் புரை விழுவதற்கும் இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. புகையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள் உள்ளன. அவை மூக்கின் மயிராலும் தொண்டையின் சளியாலும் தடுக்கப்படாமல் நுரையீரலின் அடிவரை செல்லும். அன்றியும், கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயுவும் புகையில் கலந்திருக்கிறது.

இத்தீங்கு வீட்டிலுள்ள எல்லோருக்கும் சமமாக நேர்வதன்று. அடுப்பின்முன் நாளொன்றுக்கு மூன்று நான்கு மணி நேரம் குந்தியிருப்பவர் குடும்பத் தலைவியும், அவர் இடுப்பிலுள்ள குழந்தையுமே. அடுப்பு எப்படி இருக்கவேண்டுமென்று தீர்மானித்துப் பணம் கொடுப்பவரோ பெரும்பாலும் அடுப்பின் பக்கம் செல்லாதவர். இக்காரியம் இத்தனை காலம் தாமதப்பட்டதற்கு இதுவே முக்கிய காரணம்.

முன்னே நடந்த முயற்சிகள்

புகைபோக்கி வைத்த மண்ணடுப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1934-ஆம் ஆண்டில் காந்தியடிகளின் முயற்சியால் தோன்றி, தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் பொறுப்பில் வார்தாவில் நடைபெற்ற அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இருப்பிடத்திற்கு மகன்வாடி என்று பெயர். அங்கிருந்து 1947-ஆம் ஆண்டு வாக்கில் 'மகன் சூலா' என்னும் அடுப்பு வெளிவந்தது. ஒரே நெருப்பில் இரண்டு மூன்று பாத்திரங்கள் வேகவும், புகை குழாய் வழியே வெளியேறவும் அதில் ஏற்பாடு உண்டு. பின்னர் ஹைதராபாத் எஞ்சினியரிங் ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் எஸ். பி. ராஜு இதே நோக்கத்துடன் ஓர் அடுப்பை வகுத்து, 1953-ஆம் ஆண்டில் அதைக் குறித்து ஒரு நூலும் வெளியிட்டார். 1980-களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த 'அஸ்த்ரா' குழுவினர் மூன்று பாத்திரம் கொள்ளும் அடுப்பொன்றைக் கிராமங்களில் பரப்பினர்.

1983-ஆம் ஆண்டில் சோதனையாகத் தொடங்கி, 2002 வரை நடைபெற்ற மத்திய அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில், மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் வைக்கப்பட்டன. ஆயினும் அவற்றில் பல சில ஆண்டுகளுக்குள் உடைந்தோ, அடைபட்டோ, கைவிடப்பட்டோ போயின. பின்னர் ஒடிசா மாநிலத்தில் 44 கிராமங்களில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நடத்தப்பட்ட ஆராய்ச்சி ஒன்று இதன் காரணத்தை விளக்கிற்று. புகைபோக்கி அடுப்பு வைத்த முதலாண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன்பின், அடுப்பு பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் வேற்றுமை காணப்படவில்லை. விறகுச் செலவும் குறையவில்லை. விரிசலைப் பூசுவாரும் குழாயைத் துடைப்பாரும் இல்லாமற் போனதும், அடுப்பை ஒழுங்காக உபயோகிக்காததுமே காரணம். ஆகவே, அடுப்பைக் கட்டுவது பாதி வேலையே என்பதையும், எஞ்சிய பாதி அதன்பின் ஒவ்வொரு மாதமும் நடைபெற வேண்டியது என்பதையும் அங்கத்தினர்கள் ஆரம்பத்திலேயே மனத்தில் இருத்த வேண்டும்.

அடுப்பு வேலை செய்யும் விதம்

மூன்று கல்லை வைத்து எரிக்கும் அடுப்பில், விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. மிகுதி காற்றில் கலந்து வீணாகும். நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். முதல் அடுப்பின் அனலைப் பக்கத்துக் குழிக்குக் கொண்டுசெல்லும் கொடியடுப்பு இச்சிக்கனத்திற்காகவே ஏற்பட்டது. ஆனால் கொடியடுப்பிலும் வாயைச் சுற்றி மூன்று குமிழ்கள் உண்டு. குமிழின்மேல் பாத்திரம் தூக்கி நிற்பதால், இடையிலுள்ள சந்துகளின் வழியாகப் புகை அறைக்குள் வந்துவிடுகிறது.

புகைபோக்கி அடுப்பில் குமிழ் கிடையாது. பாத்திரம் அடுப்பு வாயில் சந்தின்றிப் பொருந்தி உட்கார்ந்திருக்கும். சூடான காற்று இலேசானதாகையால் குழாயில் மேலே ஏறுகிறது. அவ்வாறு ஏறும்போது, வெற்றிடத்தை நிரப்பும் பொருட்டு விறகு வைக்கும் வாயின் வழியே புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இவ்விழுப்பே அடுப்பின் உயிர். குழாய் உயரமாகவும் சூடாகவும் இருந்தால் இழுப்பு மிகும். குழாயில் கரி படிந்தாலும், பாத்திரத்தைச் சுற்றிச் சந்து இருந்தாலும் இழுப்புக் குறைந்து, புகை திரும்பி முகத்தில் அடிக்கும். ஊதாங்குழலைத் தேடும் வேலை அடிக்கடி நேர்ந்தால், இழுப்புக் கெட்டிருக்கிறது என்று அறியலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

அடுப்பை வெளிச்சுவரை ஒட்டிய மூலையில் அமைத்தல் நலம். விறகு வைக்கும் வாய், வாயிற்படிக்கு நேராக இருக்கலாகாது. ஆடி மாதத்துக் காற்று மேற்கிலிருந்து பலமாக வீசும் இச்சமவெளிகளில், மேற்குப் பார்த்த கதவுக்கு எதிரே அடுப்பு இருந்தால், சுவாலை வெளியே புரண்டு சேலையைப் பற்றும். சமைப்பவர் உட்காரும் இடத்திற்குப் பின்னால் மூன்றடி இடமாவது வெறுமையாக இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே பரண், விறகு அட்டாலி, கயிற்றில் தொங்கும் துணி முதலியவை இருத்தல் கூடாது. புகைபோக்கி வைத்தாலும் சமையலறைக்கு ஒரு சாளரம் அவசியம். உள்ளே இழுக்கப்படும் காற்று எங்கிருந்தாவது வர வேண்டும் அல்லவா?

மண்ணைப் பதப்படுத்துதல்

சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டப்படும் மாக்னசைட் கல்லினின்று செய்யப்படும் தீச்செங்கற்கள் எஃகு உலைகளுக்கு ஏற்றவை. வீட்டடுப்புக்கு அத்தகைய விலையுயர்ந்த சாமான்கள் தேவையில்லை. ஏரி வண்டலோ, புற்றுமண்ணோ, பசையுள்ள செம்மண்ணோ போதும். கரிசல் மண்ணைத் தனியே உபயோகித்தால், உலரும்போது சுருங்கிப் பிளந்துவிடும்.

பசையுள்ள மண் இரண்டு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு, விரல் நீளத்திற்கு நறுக்கிய வைக்கோல் அல்லது நெல் உமி ஒரு பங்கு எடுத்து, சிறிது சாணத்துடன் நீர் விட்டு மிதித்துக் குழைத்து, மூன்று நாள் ஈரச் சாக்கால் மூடிப் புளிக்கவிட வேண்டும். பின்பு எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை பிடித்து, நிழலில் காயவைத்துப் பார்க்கலாம். உருண்டையில் பெரிய விரிசல் கண்டால் மணல் போதவில்லை என்றும், விரலால் அழுத்தும்போது உதிர்ந்தால் மணல் அதிகம் என்றும் கொள்ள வேண்டும். மண் ஊருக்கு ஊர் வேறுபடுமாகையால், மேற்சொன்ன அளவு தொடக்கத்திற்கேயன்றி முடிவானதன்று. இவ்வுருண்டைச் சோதனையே முடிவானது.

கட்டும் முறை

இரண்டு பாத்திரம் கொள்ளும் அடுப்புக்கு மூன்றேகால் அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், பத்து அங்குல உயரமும் போதும். நின்று சமைக்க விரும்புவோர் இதை இரண்டடி உயரமுள்ள செங்கல் மேடையின்மீது அமைத்துக்கொள்ளலாம்.

1. தரையைக் கொத்தி நனைத்து, இரண்டு அங்குல கனத்திற்கு மண்ணைப் பரப்பிக் கெட்டிப்படுத்த வேண்டும்.

2. அதன்மேல் எட்டு அங்குல உயரத்திற்கு மண்ணை அடைசலாக வைத்து, முழுத் திண்ணைபோல் எழுப்ப வேண்டும். இடையில் வெற்றிடம் விடலாகாது. ஒரு நாள் கழித்து, மண் இறுகி வரும் பக்குவத்தில் குடைந்தெடுப்பது எளிது.

3. வீட்டில் நாள்தோறும் உபயோகிக்கும் பெரிய பாத்திரத்தை முன்பக்கத்திலும், சிறிய பாத்திரத்தைப் பின்பக்கத்திலும் கவிழ்க்காமல் வைத்து அழுத்தி, அடையாளம் செய்துகொள்ள வேண்டும். முதல் வாய் சுமார் ஒன்பது அங்குலமும், இரண்டாவது வாய் சுமார் எட்டு அங்குலமும் அமையும். இரண்டிற்கும் இடையே ஆறு அங்குலமும், வெளிப்புறச் சுவர்களுக்கு மூன்று அங்குலத்திற்குக் குறையாமலும் மண் இருக்க வேண்டும். கேழ்வரகுக் களி கிண்டும்போது பாத்திரத்தின்மேல் மிகுந்த பலம் விழுமாகையால், சுவரைச் சன்னமாக்கி மண்ணை மிச்சப்படுத்துவது பிறகு நஷ்டமாக முடியும்.

4. முதல் வாயின் கீழ் நெருப்பறையைக் குடைய வேண்டும். பாத்திரத்தின் அடிக்கும் நெருப்பறையின் தரைக்கும் ஆறரை அங்குல இடைவெளி தக்கது. இது குறைந்தால் சுவாலை எரிய இடமின்றிக் கரி மிகும். கூடினால் அனல் பாத்திரத்தை எட்டாது.

5. விறகு வைக்கும் வாய் ஏழு அங்குல அகலமும், ஐந்தரை அங்குல உயரமும் இருக்கலாம். தரையினின்று ஓர் அங்குலம் உயர்த்தி ஓர் இரும்புக் கம்பிச் சட்டத்தை உள்ளே வைத்தால், விறகின் அடியிலும் காற்றுப் புகுந்து புகை குறையும்.

6. நெருப்பறையின் மேற்பாகத்தினின்று இரண்டாவது குழிக்கு, சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தாற்போல் நான்கு அங்குல விட்டமுள்ள வழி ஒன்று வெட்ட வேண்டும். இரண்டாவது குழியின் நடுவில் மண்ணை மேடாக விட்டு, அதன் உச்சிக்கும் பாத்திரத்தின் அடிக்கும் ஒன்றரை அங்குலம் மட்டும் இடைவெளி இருக்குமாறு செய்தால், அனல் பாத்திரத்தைத் தழுவிச் செல்லும். அங்கிருந்து குழாயின் அடிக்கு மற்றொரு நான்கு அங்குல வழி வேண்டும்.

7. குழாய் நிற்கும் இடத்தின் அடியில், பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டு, அதற்கு மண்ணால் ஓர் அடைப்பான் செய்ய வேண்டும். மேலிருந்து விழும் கரியை வெளியேற்றுவதற்கு இதுவே வழி. இத்துளை விடப்படாத அடுப்பு, எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டாலும் நெடுநாள் நிலைப்பதற்கில்லை.

புகைபோக்கியை நிறுத்துதல்

நான்கு அங்குல உள்விட்டமுள்ள சுட்ட மண்குழாய் இவ்வேலைக்குச் சிறந்தது. குயவரிடம் சங்கத்தின் மூலமாக மொத்தமாகச் சொல்லிச் செய்வித்தால் அளவு ஒன்றுபோல் அமையும். ஒரு குழாயின் அகன்ற வாய் மேல்நோக்கியிருக்க, அடுத்த குழாயின் ஒடுங்கிய நுனி அதனுள் இறங்குமாறு பொருத்தி, மண்ணும் சுண்ணாம்பும் கலந்து பூச வேண்டும். இவ்வாறு செய்தால் குழாயில் ஊறும் கீல் வெளியே வழியாது. சிமெண்டுக் குழாயும் உதவும். முற்காலத்தில் இவ்வடுப்புகளுக்குக் கல்நார் கலந்த சிமெண்டுக் குழாய்கள் வழங்கப்பட்டதுண்டு. கல்நாரின் தூசு நுரையீரலுக்குள் சென்று, பல்லாண்டு கழித்துப் புற்று முதலிய வியாதிகளை விளைவிப்பதாக இப்போது ஐயமற அறியப்பட்டிருக்கிறது. ஆகையால் புதிதாக அதை வாங்குதல் கூடாது. பழைய குழாய் வீட்டில் இருப்பின், அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம்.

தகரக் குழாய் விலை மலிவானதெனினும் மிகுதியாகச் சூடேறும். மரம், ஓலை, சாக்கு, துணி முதலிய தீப்பற்றும் பொருள்களுக்கும் தகரக் குழாய்க்கும் இடையே ஒன்றரை அடியாவது இருத்தல் வேண்டும். குழந்தைகளின் கை எட்டும் உயரம் வரை அதைச் சுற்றிச் செங்கல் அடுக்கிப் பூசிவிடுதல் நன்று.

ஓட்டு வீட்டில் குழாய் கூரையைத் துளைத்து வெளியேறலாம். துளைக்குமிடத்தில் கைமரமோ ரீப்பரோ குழாயைத் தொடலாகாது. ஓட்டின்மேல் தகரப் பட்டை ஒன்றை வளைத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினால் மழைநீர் இறங்காது. குழாயின் உச்சி, அது கூரையைவிட்டு வெளிவரும் இடத்தினின்று மூன்றடியாவது உயர்ந்திருப்பதோடு, பத்தடிக்குள் உள்ள கூரை முகட்டையும் சுவரையும்விட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால், காற்றடிக்கும்போது புகை குழாய் வழியே கீழே தள்ளப்படும். மழை விழாதிருக்க, உச்சியில் நான்கு அங்குல இடைவெளி விட்டு ஒரு தகரத் தொப்பி வைக்க வேண்டும்.

ஓலை அல்லது கீற்று வேய்ந்த வீட்டிற்குத் தனியான எச்சரிக்கை தேவை. கூரையின் ஊடே குழாயைச் செலுத்துவது எவ்விதத்திலும் தகாது. வீட்டை விட்டுத் தள்ளி ஓடு போட்ட சிறு சமையற் கொட்டகை அமைப்பதே மேலானது. அதற்கு வசதியில்லாதவர், முக்கோணச் சுவரின் வழியாகக் குழாயை வெளியே கொண்டுவந்து, இறவாரத்தினின்று இரண்டடிக்குக் குறையாமல் விலக்கி நிறுத்தி, முகட்டுக்கு மேல் மூன்றடி உயர்த்த வேண்டும். பொறி பறக்காதிருக்க உச்சியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை கட்டலாம். அவ்வலையில் கரி விரைவில் அடையுமாதலால் வாரந்தோறும் தட்டிச் சுத்தம் செய்தல் அவசியம். சுவரில் விடும் துளை, குழாயைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக இருந்து, அவ்விடைவெளி மண்ணாலும் செங்கல் துண்டுகளாலும் நிரப்பப்பட வேண்டும்.

உலர்த்தலும் சோதித்தலும்

கட்டிய அடுப்பை வெயில் படாமல் பத்து நாள் வரை நிழலில் உலரவிட வேண்டும். இடையில் தோன்றும் விரிசல்களை நனைத்து, அதே மண்ணால் அடைக்க வேண்டும். அவசரப்பட்டு ஈர அடுப்பில் பெருநெருப்பு மூட்டினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சுவர் வெடிக்கும். முதல் மூன்று நாள் சுள்ளிகளைக் கொண்டு சிறு தீ மட்டும் மூட்டி, பிறகு சமையலைத் தொடங்கலாம்.

சமைக்கத் தொடங்குமுன் இரண்டு வாய்களிலும் பாத்திரங்களை வைத்து, உள்ளே கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்திக் குழாயைச் சூடேற்றி, விறகு வாயின் அருகே ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். வத்தியின் புகை உள்ளே இழுக்கப்பட்டால் அடுப்புச் சரியாக அமைந்தது. வெளியே திரும்பினால், பாத்திரத்தைச் சுற்றியுள்ள சந்து, குழாய்ப் பொருத்துகளிலுள்ள ஓட்டை, உள்வழியில் விழுந்து கிடக்கும் மண், குழாயின் உயரக் குறைவு ஆகியவற்றை இதே வரிசையில் பரிசோதித்தால் காரணம் அகப்படும். ஒரே ஒரு பாத்திரம் மட்டும் வைத்துச் சமைக்கும் வேளையில், மற்ற வாயைக் கனத்த மண்தட்டால் மூடிவிட வேண்டும். திறந்து விட்டால் புகை முழுவதும் அதன் வழியே வந்துவிடும்.

விறகும் நெருப்பும்

ஈர விறகை எரிப்பவர், விறகிலுள்ள நீரைக் கொதிக்கவைப்பதற்கே வெப்பத்தைச் செலவிடுகிறார். சீமைக்கருவேலம், வேலம் முதலியவற்றை மணிக்கட்டு அளவுக்குப் பிளந்து, மழை படாத இடத்தில் மூன்று மாதமாவது காயவைத்து உபயோகிக்க வேண்டும். பருத்திமார், குச்சிக்கிழங்குச் செடியின் தண்டு, சோளத்தட்டு, தென்னமட்டை முதலியவை விரைந்து எரிவனவாதலால் சிறுகச் சிறுகத் தள்ள வேண்டும். விறகு வாயின் பாதிக்கு மேல் விறகை அடைத்தல் கூடாது. மேற்பாதி காற்றுப் புகுவதற்கானது. அரளிக் குச்சியின் புகை நஞ்சாகும். பிளாஸ்டிக் பைகள், சாயம் பூசிய மரம், ரப்பர் முதலியவற்றையும் அடுப்பில் இடலாகாது.

நெருப்பு மூட்டவோ, அணையும் நெருப்பைத் தூண்டவோ மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சமைப்பது, ஒரு குடம் நீரையும் ஒரு கூடை மணலையும் அருகே வைப்பது, எரியும் விறகின் நுனி நடைபாதையில் நீட்டிக்கொண்டிராமல் பார்ப்பது ஆகியவை நாள்தோறும் கைக்கொள்ள வேண்டியவை. சாம்பலில் மறைந்த கங்கு மறுநாள் வரையிலும் அணையாதிருக்கும். ஆதலால் அள்ளிய சாம்பலில் நீர் தெளித்த பின்னரே எருக்குழியில் கொட்ட வேண்டும். வைக்கோற்போர் அருகே கொட்டுதல் ஆகாது. குளிர்காலத்தில் கங்கைச் சட்டியில் எடுத்துவைத்துக் கதவைச் சாத்தி உறங்குவோர், முன்சொன்ன நச்சுவாயுவினால் உறக்கத்திலேயே மாள்வதுண்டு.

ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. தரையில் படுத்துப் புரள வேண்டும். அருகிலுள்ளவர் கனத்த பருத்திப் போர்வையால் மூடி அணைக்கலாம். வெந்த இடத்தில் இருபது நிமிஷம் குளிர்ந்த சுத்த நீரை ஊற்றிக்கொண்டிருப்பதே முதற் சிகிச்சை. மையும் எண்ணெயும் மாவும் தடவுவது புண்ணைக் கெடுக்கும். சுத்தமான துணியால் மூடித் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

குழாயைச் சுத்தம் செய்தல்

குழாயின் உள்ளே படியும் கரியும் கீலும் இருவகையில் தீமை செய்யும். ஒன்று, இழுப்பைக் கெடுத்துப் புகையை அறைக்குள் திருப்பும். மற்றொன்று, பெருநெருப்பு எரியும் நாளில் அக்கரியே தீப்பற்றிக் குழாய் முழுவதும் கனன்று, பொறிகளைக் கூரைமேல் சிதறும். எனவே மாதம் ஒரு முறை, அடுப்பு நன்றாக ஆறியிருக்கும்போது, தேங்காய் நாரைக் குழாயின் அளவுக்குப் பந்தாகக் கட்டி, அதன் கீழ் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டு, உச்சியிலிருந்து கயிற்றால் மேலும் கீழும் இழுத்துத் துடைக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நலம். விழுந்த கரியை அடித்துளையின் வழியே வாரிவிட்டு, அடைப்பானை மீண்டும் பூச வேண்டும். வாரம் ஒரு முறை உள்வழிகளில் தேங்கிய சாம்பலை எடுத்து, விரிசல்களைச் சாணமும் மண்ணும் கலந்து மெழுகினால் அடுப்பு பல்லாண்டு உழைக்கும்.

சில ஆட்சேபங்கள்

புகை படுவதால் ஓலைக் கூரையில் பூச்சி அரிக்காது என்றும், பரணிலுள்ள விதை கெடாது என்றும் பெரியோர் கூறுவர். இதில் உண்மை உண்டு. ஆயினும் விதையை நன்கு வெயிலில் உலர்த்திச் சாம்பலோ வேப்பிலையோ கலந்து வைத்துக் காக்கலாம். கூரையைச் சில ஆண்டு முந்தி மாற்றவேண்டி வந்தாலும், கீற்று விலைக்கு வாங்கக்கூடிய பொருளே. நுரையீரல் அத்தகையதன்று.

புகைபோக்கி வைத்தால் வியாதியே வராது என்று கூறுவதும் மிகையாகும். குவாதமாலா நாட்டில் சுமார் ஐந்நூறு குடும்பங்களில் புகைபோக்கி அடுப்பு வைத்து நடத்தப்பட்டு, 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், குழந்தைகள் சுவாசிக்கும் புகை பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியாவும் குறைந்தது. ஆனால் நிமோனியா முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது, குறைவு உறுதியாகத் தெரியவில்லை. வீட்டை விட்டு வெளியேறிய புகை தெருவில் தங்கி அண்டைவீட்டுச் சாளரத்தின் வழியே நுழையக்கூடியதே. இதனால் ஒரு வீட்டார் மட்டும் திருத்திக்கொள்வதினும், தெரு முழுவதும் சேர்ந்து உலர்ந்த விறகையும் நல்ல அடுப்பையும் கைக்கொள்வதும், இயன்ற வேலைகளுக்கு எரிவாயுவை உபயோகிப்பதும் அதிகப் பலன் தரும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இக்காரியம் கூட்டுறவு முறைக்கு மிகவும் ஏற்றது. தனி ஒருவர் நான்கு குழாய் வாங்குவதினும், ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து இருநூறு குழாய் செய்விப்பது மலிவு. அளவுகளைத் தவறாமல் காக்கும் பொருட்டு, வாய்கள், வழிகள் ஆகியவற்றின் அளவுக்கு மரக்கட்டை அச்சுகள் ஒரு தொகுதி செய்து சங்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஊர்க் கொத்தர் ஒருவருக்கும், பெண்மக்கள் இருவர் மூவருக்கும் பயிற்சி அளித்தால், பழுது பார்ப்பதற்கு வெளியூராரை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. அடுப்பின் உயரமும் வாயின் அளவும் அவ்வீட்டுப் பெண்களைக் கேட்டே நிச்சயிக்கப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, சங்கத்தில் அடுப்புப் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும். கட்டிய தேதி, குழாயின் வகை, கடைசியாகத் துடைத்த தேதி, விரிசல் உண்டா என்பது, அடுப்பு உபயோகத்தில் உள்ளதா என்பது ஆகிய ஐந்து பத்திகள் போதுமானவை. ஆடிக்காற்றுக்கு முன் வைகாசியில் ஒரு முறையும், ஐப்பசி மழை ஓய்ந்தபின் மார்கழியில் ஒரு முறையும் இருவர் வீடுதோறும் சென்று பார்த்து, இதைப் பூர்த்தி செய்ய வேண்டும். கடைசிப் பத்திக்குரிய விடையைத் திண்ணையில் உள்ளவரிடம் கேட்டு எழுதலாகாது. உள்ளே சென்று, சமைக்கும் பெண்மணியிடமே கேட்டு எழுத வேண்டும். உபயோகத்தில் இல்லை என்று அவர் கூறினால், காரணத்தையும் கேட்டு, அம்மாதத்திற்குள்ளேயே பழுதைச் சரிசெய்து கொடுப்பது சங்கத்தின் கடமையாகும்.